தோட்டத்து ஊரில் குடியேறுவது எப்படி: சுங்கை சிப்புட்டிலிருந்து

கோலாலம்பூருக்குக் குடிபெயரும் குடும்பத்துக்கு யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்தக் காண்டோவிலிருந்து ரயில் பக்கம், எந்தப் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். வேலை கிடைத்த இடம் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர் என்றால் மட்டும் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "அங்கே எல்லாம் நம்ம ஆளுங்கதானே, பிரச்சினையே இருக்காது." எங்களுக்கும் அதைத்தான் சொன்னார்கள். மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரருக்கு ஈப்போவை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, வாடகைக்குப் பயந்து, ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் வீடு பிடித்தோம். நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், ஆறு பெட்டி, ஒரு டேபிள் டாப் கிரைண்டர்.

நம்ம ஆட்கள்தான், பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பி வந்ததால்தான் முதல் ஆறு மாதம் போகிற இடமெல்லாம் வழுக்கி விழுந்தோம். வந்த இரண்டாம் நாள் காலை மார்க்கெட் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த அக்கா "பசியாறியாச்சா?" என்று கேட்டார். பசிக்கிறதா என்று விசாரிக்கிறார் போல என்று நினைத்து, "இல்லைக்கா, பசி இல்லை, நாலு இட்லி பார்சல் போதும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இட்லியைக் கட்டி, "பொங்குஸ் ஆச்சு, ஆறு வெள்ளி" என்றார். பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. பொங்குஸ் என்றால் கட்டிக்கொண்டு போவது. வெள்ளி என்றால் ரிங்கிட். கடைக்கு வெளியே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, நான் தமிழ் பேசும் ஒரு வெளிநாட்டுக்கு வந்திருக்கிறேன் என்று. கீழே நான் எழுதியிருக்கிற எதைச் செய்தாலும் அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கிளம்புவதற்கு முன்

காகிதம்தான் முதல் வேலை. வேலைக்கு வருகிறவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ், கூட வரும் மனைவி மக்களுக்கு டிபெண்டன்ட் பாஸ். இரண்டையும் கம்பெனிதான் விண்ணப்பிக்கும். டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். இதை நான் வந்த பிறகு தெரிந்துகொண்டேன், நீங்கள் ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் என்ன மாதிரி சான்றொப்பம் வேண்டும் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இங்கிருந்துகொண்டு மாமனாரை அலுவலகம் அலுவலகமாக அலைய விடுவது பாவம். தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள். பாஸ்போர்ட் காலாவதி தேதி பக்கத்தில் இருந்தால் அங்கேயே புதுப்பித்துவிட்டு வாருங்கள்.

பெயர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். மலேசியத் தமிழர்களின் அடையாள அட்டையில் பெயருக்குப் பிறகு ஏ/எல் அல்லது ஏ/பி என்று போட்டு அப்பா பெயர் வரும். மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. நம் பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலி, சிலருக்கு வெறும் இனிஷியல். என் நாலு வயது மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு கிளினிக்குக்குப் போனபோது, முக்கால் மணி நேரம் அவளைக் கூப்பிடவே இல்லை. என் வீட்டுக்காரர் பெயரைத்தான் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள், யாரோ பெரியவர் என்று நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். பதிவில் இருந்த பெயர் இன்சூரன்ஸ் அட்டையில் இருந்த பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று கையிலிருந்து காசு கட்ட வேண்டியதாயிற்று. ஆகவே பாஸ், இன்சூரன்ஸ், பள்ளி, வங்கி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே எழுத்து, அதே வரிசை. இனிஷியல் போட்டு எழுதும் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள்.

மின்சாரம் இங்கேயும் நம் ஊர் மாதிரிதான், 50 ஹெர்ட்ஸ், வோல்ட்டேஜும் ஏறக்குறைய அதே. மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் அப்படியே ஓடும். பிளக் மட்டும் மூன்று செவ்வகக் கால் வைத்தது, அடாப்டரில் தொங்கவிடாமல் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பிளக்கையே மாற்றிவிடுங்கள். குக்கர் எடுத்து வாருங்கள், இட்லித் தட்டு எடுத்து வாருங்கள். கறிவேப்பிலைக் கன்று, விதை, மண் ஒட்டிய எதையும் எடுத்து வராதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், அப்புறம் இங்கே கறிவேப்பிலை இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் அரைவல் கார்டை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளம் என்றால் அது போலி.

வீடு

இங்கே வீடு என்றால் பெரும்பாலும் தாமானில் இருக்கும் வரிசை வீடு. தாமான் என்றால் பூங்கா இல்லை, குடியிருப்புப் பகுதி. முன்னால் காடி, அதாவது கார், நிறுத்த ஒரு இடம், பின்னால் ஒரு சமையல்கட்டு, பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். பக்கத்து வீட்டில் யார் எத்தனை மணிக்குத் தும்மினார் என்பது வரைக்கும் தெரியும். கம்போங் பாரு என்று ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் சீனர்கள் குடியிருக்கும் பகுதி, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலத்தின்போது 1950-களில் காட்டோரம் இருந்தவர்களை வேலிக்குள் கொண்டுவந்து குடிவைத்த இடங்கள் அவை. அந்த அவசரகாலம் தொடங்கியதே இந்த ஊர்ப் பக்கத்தில்தான், 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு. வயதானவர்கள் அந்தக் காலத்தைப் பற்றித் தாமாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள்.

வாடகைக்கு முன்பணம் பொதுவாக இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. ஆக மூன்றரை மாத வாடகை கையில் இருக்க வேண்டும், சம்பளம் வருவதற்கு முன்பே. ஒப்பந்தத்தை எழுதி முத்திரை வரி கட்டிக்கொள்ளுங்கள். "நம்ம ஆளுதானே, எதுக்குப் பேப்பரு" என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னாலும், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பேப்பர் வேண்டும். முந்தைய மாதத்து மின்சார பில்லையும் தண்ணீர் பில்லையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், பாக்கி இருக்கிறதா என்று. சாவி வாங்கும் நாளில் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். எங்களுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. முன்னே குடியிருந்தவர் வைத்துவிட்டுப் போன பாக்கியில் ஒரு பங்கு எங்கள் தலையில் விழுந்தது.

முடிந்தால் மழை பெய்யும் மதியத்தில் வீடு பாருங்கள். இது நான் சொல்கிற யோசனைகளிலேயே விலை உயர்ந்தது. இந்த மாநிலமான பேராக்கில் மதியத்துக்கு மேல் மேகம் கூடி, மூன்று நாலு மணிக்கு இடியோடு கொட்டுவது சர்வசாதாரணம், நாங்களோ பளீரென்று வெயில் அடித்த ஒரு காலை பத்து மணிக்கு வீட்டைப் பார்த்து, சுவரில் புது பெயிண்ட் அடித்திருக்கிறதே என்று மகிழ்ந்து போனோம். குடிவந்த ஐந்தாம் நாள் முதல் மழை. கூடத்து சீலிங்கில் தோசை அளவுக்கு ஒரு கறை தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் ஊத்தப்பம் ஆயிற்று, பிறகு அதன் நடுவிலிருந்து சொட்டுச் சொட்டாக மெத்தை மேல். நான் பெட்டியை இழுக்கவா பிள்ளையைத் தூக்கவா என்று முழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றார், இரண்டு கையிலும் இரண்டு காலி பெயிண்ட் டின். "இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் மழைக்கு இதைக் கொண்டு வந்து கொடுக்கிறது என் வேலை" என்றார். அந்த டின் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, ஓடு மாற்றியாகிவிட்டது. ஆகவே சீலிங்கைப் பாருங்கள், புதுப் பெயிண்டைச் சந்தேகப்படுங்கள், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தோட்டத்தை ஒட்டிய தாமான் என்றால் பாம்பு வரும். செம்பனைப் பழத்துக்கு எலி, எலிக்குப் பாம்பு. எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் கூண்டுப்பெட்டி வைத்துக் கூகை ஆந்தை வளர்ப்பார்கள், மரங்களுக்கு நடுவே கம்பத்தில் நிற்கும் பெட்டியைப் பார்த்தால் அது என்னவோ என்று பயப்பட வேண்டாம். சாக்கடை வாய்க்கு வலை போடுங்கள், வெளியே வைத்த செருப்பை உதறாமல் போடாதீர்கள். உள்ளே வந்துவிட்டால் அடிக்கப் போகாமல் 999-க்குக் கூப்பிடுங்கள், ஆள் அனுப்புவார்கள். போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் அதே எண்தான். பிள்ளைகளுக்கு முதல் நாளே மனப்பாடம் பண்ண வையுங்கள்.

கேஸ் விஷயத்தில் மட்டும் நம் ஊரை விட இது சொர்க்கம். புத்தகம் இல்லை, பதிவு இல்லை, காத்திருப்பு இல்லை. கடைக்குப் போன் போட்டால் மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 14 கிலோ சிலிண்டருக்கு அரசு வைத்த விலை 26 வெள்ளி 60 காசு, கொண்டு வந்து தரும் கூலி தனி. ரெகுலேட்டர் இங்கே உள்ளதையே வாங்குங்கள், ஊரிலிருந்து கொண்டு வந்தது பொருந்தாது.

காடி, காசு, வரி

காடி இல்லாமல் இந்த ஊரில் குடும்பம் நடத்த முடியாது. பஸ் உண்டு, ஆனால் அதை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாது. ரயில் நல்லது. சுங்கை சிப்புட் நிலையத்தில் இடிஎஸ் என்னும் விரைவு ரயில் நிற்கும், மாற்றி ஏறாமல் கோலாலம்பூர் சென்ட்ரல் வரை போய்விடலாம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். தூதரக வேலைக்குப் போகும்போது நாங்கள் அதில்தான் போவோம். தீபாவளி, சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் சமயத்தில் டிக்கெட் விற்பனை திறந்த உடனே போடாவிட்டால் கிடைக்காது. பழைய காடி வாங்குவதென்றால் மைவி, ஆக்சியா, சாகா இந்த மூன்றில் ஒன்றை வாங்குங்கள். எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம், சாமான் கிடைக்கும். ஸ்டீயரிங்கும் சாலையும் நம் ஊர்ப் பக்கம்தான், ஆனால் ஹாரன் அடிக்காதீர்கள். இங்கே ஹாரன் என்றால் திட்டு. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள், வந்ததும் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து அலுவலகத்தில் உங்கள் பாஸுக்கு எது செல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இருக்கை 2020 முதல் கட்டாயம், மடியில் வைத்துக்கொண்டு போகிற பழக்கம் வேண்டாம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு குலை 20 கிலோகூட இருக்கும், முள்ளும் உண்டு, அது சாலையில் உருண்டு வருவதை நான் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோல் விலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து மானிய விலை பெட்ரோல் குடிமக்களுக்கு மட்டும், அடையாள அட்டையைக் காட்டினால் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. நமக்குச் சந்தை விலை. பக்கத்து வீட்டு அண்ணன் பாசத்தில் "என் கார்டைக் கொண்டு போய் ஊத்திக்கோ" என்பார். நன்றி சொல்லிவிட்டு மறுத்துவிடுங்கள், மாட்டினால் அவருக்கும் தொல்லை.

வங்கிக் கணக்குக்குக் கம்பெனிக் கடிதம், பாஸ், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். போனில் காசு கட்டும் டியூட்நவ் கியூஆர் வந்துவிட்டால் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் அப்பம் சுடுகிறவர் வரை அதில்தான் வாங்குகிறார். டோலுக்கும் பார்க்கிங்குக்கும் டச் அண்ட் கோ அட்டை. ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் இருப்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி உங்கள் வங்கிக்கு எழுதிவிடுங்கள், நிறையப் பேர் மறந்துபோகிற விஷயம் அது.

வருமான வரியில் ஒரே ஒரு எண்ணை மனத்தில் வையுங்கள்: 182. ஒரு காலண்டர் வருடத்தில் 182 நாளாவது இந்த நாட்டில் இருந்தால் குடியிருப்பவர் என்று கணக்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் விகிதத்தில் வரி. இல்லையென்றால் மொத்தமாக 30 சதவீதம். வருடக் கடைசியில் வந்து சேர்ந்தவர்களுக்கு முதல் சில மாதம் 30 சதவீதம் பிடிக்கும்போது வயிறு எரியும். ஆனால் அடுத்த வருடத்தில் தொடர்ந்து 182 நாள் இருந்தால் அந்த முதல் துண்டுக் காலத்தையும் அதோடு சேர்த்துப் பார்க்கும் விதி இருக்கிறது, கம்பெனியில் கணக்குப் பார்ப்பவரிடம் கேளுங்கள். நடுவில் ஊருக்குப் போய் வந்த தேதிகள் அதற்கு வேண்டும், ஆகவே விமான டிக்கெட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இபிஎஃப் என்னும் சேமநிதி கட்டாயமாகிவிட்டது, உங்கள் பங்கு 2 சதவீதம், கம்பெனி பங்கு 2 சதவீதம். சம்பளச் சீட்டில் ஒரு புது வரி தெரிந்தால் அதுதான்.

பள்ளிக்கூடம்

இந்த நாட்டில் 500-க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, அரசாங்கப் பள்ளிகள், ஆறு வருடம் தமிழ் வழியில் படிக்கலாம். நிறையப் பள்ளிகளின் வேர் தோட்டத்தில் இருக்கிறது. 1912-இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று சொன்னது. தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டுத் திண்ணை, கோயில் கொட்டகை என்று ஆரம்பித்து இன்றைக்குக் கம்ப்யூட்டர் அறையோடு நிற்கின்றன. இதைக் கேட்டதும் நான் செய்த மாதிரி மறுநாளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளையை அரசாங்கப் பள்ளியில் சேர்க்க மாநிலக் கல்வி இலாகாவின் அனுமதி வேண்டும், அது கிடைக்க நாளாகும், இடம் இருக்கிறதா என்பதும் உண்டு. தலைமையாசிரியர் அன்பாகப் பேசுவார், ஆனால் அவர் கையில் எதுவும் இல்லை. எங்கள் பெரியவனுக்கு அனுமதி வர நாலு மாதம் பிடித்தது, அதுவரை வீட்டில் உட்கார்ந்து மலாய் எழுத்துக் கூட்டிப் படித்தான். அது வீண் போகவில்லை. தமிழ்ப்பள்ளியில் தமிழ், கணக்கு எல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு, மலாயில்தான் கடைசி வரிசை, வீட்டில் படித்திராவிட்டால் அதுவும் இல்லை. மலாய் கட்டாயப் பாடம், மேலே இடைநிலைப் பள்ளிக்குப் போனால் எல்லாமே அதில்தான். எழுத்து ரோமன் எழுத்துதான், இலக்கணமும் லேசு. பெரியவர்களும் கூடவே உட்கார்ந்து படியுங்கள்.

கல்வி ஆண்டு சில வருடம் மார்ச்சில் தொடங்கிக்கொண்டிருந்தது, 2026 முதல் மறுபடி ஜனவரி. நம் ஊர் ஜூன் கணக்கை வைத்துக்கொண்டு வந்தால் பாதி வருடம் தொங்கலில் போகும். பள்ளி ஏழரைக்கு ஆரம்பம், சூரியன் வருவதே ஏழு மணிக்கு மேல்தான், அதனால் இருட்டில் எழுப்பி இருட்டில் கிளப்ப வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறோம் என்பது எனக்கு உறைப்பது அந்த ஒரு வேளையில்தான்.

உடம்பு

டெங்கு. மற்றதெல்லாம் அப்புறம். வாரம் ஒரு நாள் பத்து நிமிடம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, பின்கட்டு வாளி, கூரைத் தகரத்து வாய்க்கால் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம். இரண்டாம் நாளும் விடவில்லை என்றால் டெங்கு இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பப்பாளி இலைச்சாறு கொண்டு வந்து கொடுக்காத ஆளே இந்தத் தெருவில் இல்லை. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி டாக்டரைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஊரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிய விஷயம் என்றால் ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன். மலேசியர் ஒரு வெள்ளி கொடுத்து வெளிநோயாளியாகப் பார்த்துக்கொண்டு போவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம், படுக்கையில் சேர்த்தால் டெபாசிட்டும் கேட்பார்கள். கம்பெனி இன்சூரன்ஸில் பிள்ளைகள் பெயர் இருக்கிறதா என்று வந்த வாரமே பாருங்கள். வறண்ட மாதங்களில் சில வருடம் புகைமூட்டம் வரும், காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பிள்ளைகளை வெளியே ஓட விடாதீர்கள்.

சாப்பாடு, பேச்சு, பழக்கம்

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெறும் கீரைதானே என்று கங்கோங் பொரியலைச் சொன்னால் அதில் பெலாச்சான் இருக்கும், அது இறால் அரைத்தது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலி. மலாய்க் கடையில் டாகிங் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. நம் கடையில் "சைவமா?" என்று கேட்கலாம், சீனக் கடையில் "சாய்" என்று கேளுங்கள். கோப்பி என்றால் கெட்டிப்பால் ஊற்றியது, "கோப்பி ஓ" பால் இல்லாதது, "ஓ கோசோங்" சர்க்கரையும் இல்லாதது. என் மாமியார் வந்திருந்தபோது மூன்று நாள் கோசோங் குடித்துவிட்டு, மலேசியாவில் சர்க்கரைத் தட்டுப்பாடு என்று ஊருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்.

காய்கறிக்கு வாரச் சந்தையான பசார் மாலாம், மீனுக்குக் காலை மார்க்கெட், ஒரு பெரிய ரவுண்டுக்கு மாதம் ஒருமுறை ஈப்போ லிட்டில் இந்தியா. வரும் வழியில் புந்தோங்கில் கச்சான் பூத்தே வாங்கிக்கொள்ளுங்கள், முறுக்கும் கடலையும் அங்கே மாதிரி வேறெங்கும் கிடைக்காது என்பது என் கட்சி. சீனப் பெருநாளுக்கு ஹார்ட்வேர் கடையிலிருந்து மளிகை வரை சில நாள் மூடியிருக்கும், முன்கூட்டியே வாங்கி வையுங்கள். எங்கள் வீட்டுக் குழாய் சரியாக அந்த நாளில்தான் உடைந்தது.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதில் தப்பே வராது, அண்ணே, அக்கா, பாட்டி போதும். மலாய்க்காரப் பெரியவர்களுக்குப் பாக்சிக், மாக்சிக். சீனக் கடைக்காரருக்குத் தாவுக்கே. டத்தோ என்று பட்டம் இருப்பவரைப் பட்டத்தோடு கூப்பிடுங்கள், அதை விட்டால் நிஜமாகவே மனம் வருந்துவார்கள்.

அதைவிட முக்கியம், கேட்கக் கூடாதவை. "நீங்க தமிழ்நாட்டுல எந்த ஊர்?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அவர்களுக்கு ஊர் இதுதான். நாலு தலைமுறை ஆகிவிட்டது, தாத்தாவோ பூட்டனோ தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு கப்பலேறி வந்தவர், பலருக்குச் சேலமா நாமக்கல்லா என்பது காதால் கேட்ட சொல் மட்டும். சில பாட்டிமார் தாமாகவே "ஊர்ல எங்களுக்கு முசிறிப் பக்கம்" என்று தொடங்குவார்கள், அப்போது நன்றாகக் கேளுங்கள். சாதியைச் சுற்றி வளைத்துக்கூட விசாரிக்காதீர்கள். அவர்கள் தமிழைத் திருத்தாதீர்கள். நான் ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் "காடி இல்லை, வண்டி" என்று சொல்லிவிட்டேன். "எங்க தாத்தா அதைக் காடின்னுதான் ஓட்டுனாரு" என்றாள். சின்னப் பெண், பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு நானும் காடி என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, தோட்டம் என்றதும் வரிசை வீடும் பால்வாளி தூக்கிய தமிழர்களும் கண்ணில் வருவார்கள். 1877-இல் இங்கிருந்து பக்கத்தில் இருக்கும் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று என்று சொல்லப்படும் பழைய மரம் அந்த ஊர் மாவட்ட அலுவலகத்தின் அருகே இப்போதும் நிற்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். ஆனால் கித்தா எனப்படும் ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனை ஆகிவிட்டன, தோட்டத்தில் இன்று அதிகம் பார்ப்பது இந்தோனேசியரையும் வங்காளதேசத்தவரையும்தான். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு நிலம் வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர், அதைப் பற்றி இங்கே பெருமையாகப் பேசுவார்கள். பலர் தாமானுக்கு வந்துவிட்டார்கள், தோட்டத்துக்குள் மிஞ்சியிருப்பது கோயில். திருவிழாவுக்கு அந்தப் பழைய தோட்டத்து ஆட்கள் ஜொகூரிலிருந்தெல்லாம் வந்து கூடுவார்கள். அழைத்தால் கட்டாயம் போங்கள், அழைக்காத நாளில் தோட்டத்துக்குள் நடைபோகாதீர்கள். அது தனியார் நிலம், வாசலில் காவல்காரரான ஜாகா இருப்பார், கீழே உதிர்ந்து கிடக்கும் ஒரு செம்பனைப் பழத்தைக் குனிந்து எடுத்தாலும் திருட்டுக் கணக்குதான்.

முதல் தீபாவளிக்கு ஊருக்கு ஓடாமல் இங்கேயே இருங்கள். திறந்த இல்லம் என்று தெருவே வீட்டுக்கு வரும், மலாய்க்காரர், சீனர் எல்லாரும். பிள்ளைகளுக்குச் சின்ன உறையில் காசு போட்டுக் கொடுப்பது இங்கே வழக்கம், இரண்டு வெள்ளி நோட்டு இல்லை என்பதால் ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளிப் புது நோட்டுகளை வங்கியில் முன்னாடியே மாற்றி வையுங்கள். நாங்கள் முறுக்கு மட்டும் சுட்டு வைத்துவிட்டு உறை இல்லாமல் நின்றோம், பெயிண்ட் டின் அக்காதான் பின்கதவு வழியாக ஒரு கட்டு உறை கொண்டு வந்து கொடுத்தார்.

டிசம்பரில் ஊருக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்து, குழாயை மூடி, ஒரு சாவியை அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனோம். மூன்று வாரம் கழித்து வந்தபோது கறிவேப்பிலைச் செடி ஒரு முழம் வளர்ந்திருந்தது, வாசல் கம்பியில் மின்சார பில் செருகியிருந்தது, அதில் பேனாவால் "கட்டியாச்சு, 38 வெள்ளி, பசியாறிட்டு மெதுவா குடு" என்று எழுதியிருந்தது.